காஸ் தானாகக் குறைவதில்லை: வீட்டுக் குளிரூட்டியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவையும்

கூரை, கிணறு, மலசலகூடம், மின்னிணைப்பு என்பவற்றுக்குப் பிறகு இக்கைநூலில் குளிரூட்டியைப் பற்றி ஒரு பகுதி வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நிவாரணம் பெறும் குடும்பத்துக்கு ஏசி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் வட்டுக்கோட்டை, அராலி, சங்கரத்தை, சித்தங்கேணி, மூளாய்ப் பக்கம் திரும்பி வரும் குடும்பங்களின் நிலைமை ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருடைய வீட்டில் இடையில் குடியிருந்தவர்கள் பொருத்திவிட்டுப் போன இயந்திரம் சுவரில் அப்படியே இருக்கிறது. சிலருக்கு படுக்கையில் இருக்கும் அம்மாவுக்காகவோ மூச்சுத் திணறல் உள்ள பிள்ளைக்காகவோ வெளிநாட்டிலுள்ள உறவினர் காசு அனுப்பி ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் சங்கானையிலோ மானிப்பாயிலோ பாவித்த ஏசி ஒன்றை மலிவாக வாங்குகிறார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் அது குளிராமல் போகிறது. திருத்த வருபவர் "காஸ் முடிஞ்சுது, அடிக்க வேணும்" என்கிறார். காசு கொடுக்கிறீர்கள். மூன்று நான்கு மாதத்தில் மறுபடியும் அதே கதை. இந்தப் பகுதியை எழுதுவதற்கு முதற் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் இன்னும் பாரதூரமானது. பழைய குளிரூட்டியையும் குளிர்சாதனப் பெட்டியையும் செப்புக்காக வெட்டி எடுக்கும்போது உள்ளே இருக்கும் வாயு கையைச் சுட்டும், கண்ணைத் தாக்கியும், சில வேளை தீப்பற்றியும் விடுகிறது.

வாயு என்ன செய்கிறது

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஏசிக்குள் நடப்பதும் இதுதான். வித்தியாசம், பானையின் நீர் காற்றோடு போய்விடும், ஏசியின் வாயு போவதில்லை. அறைக்குள் இருக்கும் சுருள் குழாயில் அது ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளியே இருக்கும் பெட்டியில் கொம்பிரசர் அதை அமுக்கிச் சூடாக்குகிறது. அங்குள்ள விசிறி அந்த வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ள, வாயு மறுபடியும் திரவமாகி உள்ளே வருகிறது. ஒரு கிலோவுக்கு முன்பின்னான அந்த வாயுதான் ஆண்டுக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது.

ஆகவே அது மோட்டார் சைக்கிளின் பெற்றோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. குழாய்கள் முழுவதும் அடைக்கப்பட்டவை. காஸ் குறைந்திருக்கிறது என்றால் ஓரிடத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் காஸ் அடிப்பது, அடியில் வெடித்த வாளியில் தண்ணீர் அள்ளுவது போல. "வருசத்துக்கு ஒருக்கால் காஸ் மாத்த வேணும்" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். (தமிழக முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் இதைக் கேஸ் என்பார்கள். இங்கே காஸ். இரண்டும் ஒன்றுதான், சமையல் காஸ் அல்ல.)

பூட்டியிருந்த வீட்டில் இயந்திரத்தைப் போடுவதற்கு முன்

யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதல் நீண்ட காலம் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு வலிகாமத்தின் வீடுகள் ஏறத்தாழ முழுவதும் வெறுமையாகின. அக்கால வயரிங் இன்னும் சுவருக்குள் இருக்கும் வீடுகள் உண்டு. மின்குமிழுக்கும் வானொலிக்கும் என்று இழுத்த மெல்லிய வயர் குளிரூட்டியைத் தாங்காது. 12,000 பீரீயூ அளவுள்ள சாதாரண ஏசி ஒன்று ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாற்று மின்சாரத்தை இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இழுக்கும். அதற்குத் தனியான வயர், தனியான பிரேக்கர், சரியான எர்த், வேலை செய்யும் றிப் சுவிச் ஆகிய நான்கும் வேண்டும். தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை சுவரில் இருக்கும் ஏசிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

வெளிப்பெட்டியைச் சுற்றிப் பற்றை வளர்ந்திருந்தால் கையை விடுவதற்கு முன் தடியால் விலக்கிப் பாருங்கள். பாம்பு, குளவிக் கூடு, எலி கடித்த வயர் எதுவும் இருக்கலாம். நீண்ட காலம் ஆட்கள் நுழையாத வளவில் அறியாத உலோகப் பொருள் எதையும் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பற்றை வெட்டும் வேலை அதற்குப் பிறகு.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த ஜன்னல் ஏசி என்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இங்கு 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். 115 அல்லது 120 என்று எழுதிய இயந்திரத்தை இங்கு நேரே செருகினால் அந்த நிமிடமே எரிந்துவிடும். இங்கிலாந்து, ஐரோப்பா, இந்தியா ஆகியவற்றிலிருந்து வந்தவற்றில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

குளிரவில்லை: ஆளைக் கூப்பிடுவதற்கு முன்

குளிராத ஏசி எல்லாவற்றிலும் காஸ் குறைந்திருப்பதில்லை. எங்கள் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தூசி.

வைகாசி தொடக்கம் சோழகக் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் எவ்வளவு மண் வந்து படிகிறது என்பதைத் தினமும் கூட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே மண் உட்பெட்டியின் வடிகட்டியிலும் படிகிறது. முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற வடிகட்டி தெரியும். அதைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்துப் போடுங்கள். சோழக காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மற்றைய மாதங்களில் மாதம் ஒருமுறை. இதற்கு ஆள் தேவையில்லை, பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

வெளிப்பெட்டி வேறு விதம். அதன் பின்பக்கம் முழுவதும் மெல்லிய அலுமினியத் தகடுகள். அவற்றின் இடுக்குகளில் தூசி, பனஞ்சருகுத் துகள், கோழி இறகு எல்லாம் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் வெளியேறாவிட்டால் அறை குளிராது, கொம்பிரசர் சூடேறித் தானாக நின்றுவிடும். தென்னந்தும்புத் தூரிகையால் தகடுகள் போகும் திசையிலேயே மெதுவாகத் துலக்கி, தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவலாம். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். அராலி, பொன்னாலைப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். சுண்ணாம்புக்கல் நிலமாதலால் நல்ல தண்ணீர் என்று குடிக்கும் கிணற்றிலும் கல்சியம் அதிகம். தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்த உவர்த் தண்ணீரை அலுமினியத்தில் ஊற்றினால் காயும்போது உப்பு தங்கிவிடும், தகடு பொடிப்பொடியாக உதிரும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

உப்பைப் பற்றி இன்னும் ஒரு விடயம். கடல்நீரேரியைத் தொட்டு வரும் காற்று உப்பையும் கொண்டுவரும். நீரேரிப் பக்கம் பார்த்து வெளிப்பெட்டியைப் பொருத்திய வீடுகளில் செப்புக் குழாயின் மூட்டுகள் வேகமாகக் கெடும். ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். புதிதாகப் பொருத்துகிறீர்கள் என்றால் வீட்டின் மறைவான பக்கத்தில், வெயில் நேரே படாத இடத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். கூண்டு கட்டி மூட வேண்டாம். களவு போகும் என்ற பயத்தில் சீற் அடித்து மூடிய பெட்டிகளைப் பார்க்கிறோம். அதற்குள் வெப்பம் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். களவுப் பயம் இருந்தால் இரும்புக் கம்பி வலை போதும்.

தூசி இல்லை, இன்னும் குளிரவில்லை என்றால் அறையைப் பாருங்கள். எங்கள் பழைய வீடுகள் காற்று நுழைவதற்காகவே கட்டப்பட்டவை. சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் திறந்த இடைவெளி, கதவுக்கு மேலே மரச்சட்ட வேலைப்பாடு, முற்றத்தைப் பார்த்த ஜன்னல். கோடையில் அதுவே அந்த வீட்டின் ஏசி. அப்படிப்பட்ட அறையில் இயந்திரத்தைப் போட்டால் ஊருக்கே குளிரூட்டுவதாக முடியும். தற்காலிகத் தகரக் கொட்டிலிலும் அப்படித்தான். தகரத்தின் கீழே ஒரு தட்டி போடாமல் ஏசி போடுவது வீண்செலவு. ஏசி போடும் அறையில் கீழ்த்தட்டு அடித்து, இடைவெளிகளை அடைத்து, மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். இந்த வேலைக்கான செலவு சிலவேளை ஒருமுறை காஸ் அடிக்கும் செலவைவிடக் குறைவு.

மின்னழுத்தமும் ஒரு காரணம். மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் பாவிக்கும்போது லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு அழுத்தம் குறையும். மின்குமிழ் மங்கினால் அதுவே அடையாளம். அந்த நேரம் கொம்பிரசர் தொடங்க முடியாமல் முனகும். உடனே நிறுத்துங்கள். மின்சாரம் போய் வந்தால் மூன்று நிமிடமாவது பொறுத்துத்தான் மறுபடியும் போட வேண்டும். குழாய்க்குள் அழுத்தம் சமமாகாமல் கொம்பிரசரைத் தொடக்கினால் அது பழுதாகும். அழுத்தக் குறைவு தொடர்ந்தால் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். வெளி விசிறி சுற்றுகிறது, கொம்பிரசர் மட்டும் முனகி முனகி நிற்கிறது என்றால் பெரும்பாலும் கபாசிற்றர் எனப்படும் சிறிய பகுதி கெட்டிருக்கும். மலிவான பொருள். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும், நீங்கள் திறக்க வேண்டாம்.

உட்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் அது காஸ் அல்ல. காற்றிலுள்ள ஈரம் நீராகி வடிகுழாய் வழியே வெளியே போக வேண்டும். வெளிமுனையில் மண்குளவி கூடு கட்டியிருக்கும், அல்லது பாசி அடைத்திருக்கும். துப்பரவாக்கி முனையில் சிறு நுளம்பு வலைத் துண்டைக் கட்டிவிடுங்கள். வடியும் நீர் தேங்கினால் நுளம்பு பெருகும், வாழையடிக்கு விட்டுவிடுங்கள்.

பல்லி ஒன்று மின்பலகைக்குள் புகுந்து செத்து இயந்திரம் முழுவதும் நின்றுபோவதும் இங்கு புதிதல்ல. அது திருத்துநரின் வேலை.

காஸ் உண்மையில் குறைந்திருந்தால்

வடிகட்டி சுத்தமாக இருக்கிறது, அறை மூடியிருக்கிறது, அழுத்தமும் சரி. அப்படியிருந்தும் குளிரவில்லை என்றால் வெளிப்பெட்டியின் பக்கத்தில் வரும் இரண்டு குழாய்களைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் ஓடியபின் தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். அது காய்ந்து கிடக்க, மெல்லிய குழாயின் மூட்டில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தால், அல்லது பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு தெரிந்தால், காஸ் குறைந்திருக்கக் கூடும். எண்ணெய் ஏன் என்றால், கொம்பிரசரின் எண்ணெயும் வாயுவோடு சேர்ந்து சுற்றுவது. ஓட்டை வழியே இரண்டும் கசியும். பாருங்கள், தொடாதீர்கள், நட்டைத் திருகாதீர்கள். உட்சுருள் பனிக்கட்டியாகிவிட்டால் குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள். கத்தியாலோ ஸ்குறூட்றைவராலோ சுரண்டினால் குழாய் துளைந்துவிடும். நல்லாயிருந்த இயந்திரம் அதோடு முடிந்துவிடும்.

இனித் திருத்துநர் வருகிறார். அவர் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேரம் பேச இடமிருக்கும். முதலில் அவர் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்க வேண்டும். எந்த வாயு, எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். அடுத்து ஓட்டையைத் தேட வேண்டும். இதற்கு நைதரசன் வாயுவை ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். நைதரசனுக்குப் பதில் ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஒட்சிசன் கொம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். வெல்டிங் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் ஒட்சிசனைப் பாவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஓட்டையை அடைத்தபின், வக்கியூம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும். அரை மணி நேரமாவது பம்ப் ஓட வேண்டும். வக்கியூம் பம்ப் இல்லாமல் "கொஞ்சம் காஸ் விட்டுக் காத்தைத் தள்ளுறன்" என்பது குறுக்குவழி. காற்றும் ஈரமும் உள்ளே தங்கினால் ஒரு மழைகாலத்துக்குள் கொம்பிரசரே போய்விடலாம். கடைசியாக, தராசில் சிலிண்டரை வைத்து, தகட்டில் எழுதியிருக்கும் எடை அளவுக்கு வாயுவை விட வேண்டும். கூடுதலாக விட்டாலும் குளிர் குறையும். தராசு இல்லாமல் வருபவர் மதிப்பில் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தபின் ஒரு எளிய சோதனை. சாதாரண அறை வெப்பமானியை, காய்ச்சல் பார்ப்பதை அல்ல, ஏசிக்குள் காற்று நுழையும் மேற்பக்கத்திலும் வெளிவரும் கீழ்ப்பக்கத்திலும் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 8 முதல் 12 பாகை வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது.

எல்லாக் காஸும் ஒன்றல்ல

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை வேண்டியிருக்கிறது. 1995க்கு முன் வாங்கிய குளிர்சாதனப் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-12 என்ற வாயு இருந்தது, ஏசிகளில் ஆர்-22. இரண்டும் தீப்பற்றாதவை, அதனால் நல்லவை என்று நினைத்தார்கள். வானில் மிக உயரத்தில் சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை இவ்வகை வாயுக்கள் அரிக்கக் கூடும் என்று மொலினா, றோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974இல் எழுதினார்கள். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் படலம் வெகுவாக மெலிந்திருப்பது தெரியவந்தது. 1987 செப்ரெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை 1989இல் அதில் சேர்ந்தது. சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள தேசிய ஓசோன் அலகு இவ்வேலையைக் கவனிக்கிறது.

இதனால் உங்களுக்கு வரும் விளைவு இது. நம்மைப் போன்ற வளர்முக நாடுகள் ஆர்-12 வகையை 2010 தொடக்கத்தோடு நிறுத்தின. ஆர்-22ஐப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். 2020இல் 35 வீதம், 2025இல் 67.5 வீதம், 2030இல் ஏறத்தாழ முழுவதும். பழைய இயந்திரங்களின் திருத்த வேலைக்கு மட்டும் 2040 வரை சிறிதளவு அனுமதி. ஆகவே ஆர்-22 ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது, விலையும் ஏறும். பாவித்த ஏசி வாங்கப் போகிறீர்கள் என்றால் தகட்டில் ஆர்-22 என்று இருப்பதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்பது எங்கள் ஆலோசனை.

புதியவற்றில் ஆர்-410ஏ, ஆர்-32, சிலவற்றில் ஆர்-290 இருக்கும். ஆர்-410ஏ தீப்பற்றாது, ஆனால் அதன் அழுத்தம் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது சுத்தமான புரொப்பேன், சமையல் காஸின் இனம். இன்றைய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏயும் அவ்வினமே. அதற்கென்று செய்த இயந்திரத்தில், சரியான அளவில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆபத்து எங்கே என்றால், ஆர்-22 கிடைக்கவில்லை என்று பழைய இயந்திரத்தில் ஆர்-290ஐயோ, அதைவிட மோசமாகச் சமையல் காஸையோ ஏற்றுவதில். குளிரும், உண்மைதான். ஆனால் அந்த இயந்திரத்தின் சுவிச்சுகளும் மின்பலகையும் தீப்பற்றும் வாயுவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கதவு பூட்டிய படுக்கையறையில் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். தகட்டில் எந்த வாயு எழுதியிருக்கிறதோ அதைத் தவிர வேறெதையும் ஏற்ற விடாதீர்கள்.

தமிழகத்தில் இருந்த காலத்தில் ஏசி வேலை பழகி வந்த இளைஞர்கள் சிலர் உங்கள் ஊரில் இருக்கலாம். கைவேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாததால் அவர்களுக்கு வேலை கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. முன்னைய அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ நைற்றா நிறுவனத்திலோ விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு அழைக்கும் திருத்துநரிடமும் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கசிந்தால், பட்டால்

குளிர்வாயு திரவமாக வெளிப்படும்போது மிகக் குளிர்ந்தது. ஆர்-22 கொதிக்கும் நிலையே சைபருக்குக் கீழே 40 பாகை, ஆர்-32 சைபருக்குக் கீழே 51 பாகை. தோலில் பட்டால் நெருப்புச் சுட்டது போன்ற காயம் வரும். இளஞ்சூட்டு நீரில் அந்த இடத்தை வைத்திருங்கள். தேய்க்கக் கூடாது. சுடுநீர், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட உடையை இழுக்கவும் கூடாது. கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் தொடர்ந்து விட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வாயுக்கள் காற்றைவிடப் பாரமானவை. கீழே தேங்கி அங்குள்ள காற்றைத் தள்ளிவிடும். பாயில் படுக்கும் குழந்தைகளும் முதியவர்களும் முதலில் பாதிக்கப்படுவார்கள். அறைக்குள் சீறும் சத்தமோ தலைச்சுற்றோ வந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து எல்லாரையும் வெளியே எடுங்கள். சுவிச் போடவோ நிறுத்தவோ வேண்டாம், வெளியிலுள்ள பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். விளக்கு, நுளம்புத்திரி, சிகரெட் எதுவும் கூடாது. தீப்பற்றாத ஆர்-22கூடச் சுவாலையில் பட்டால் நச்சு வாயுவாக மாறும். மயங்கியவருக்கு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், கட்டணம் இல்லை.

மின்வெட்டு நேரத்தில் ஜெனறேற்றர் வைத்து ஏசி போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜெனறேற்றரை ஜன்னலடியிலோ விறாந்தையிலோ வைக்க வேண்டாம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மூடிய அறையில் உறங்குபவர் எழாமலே போகலாம். வளவின் மறுகோடியில், காற்றடிக்கும் திசை பார்த்து வையுங்கள்.

பழையதை அகற்றுதல்

வீட்டில் கிடக்கும் பழைய குளிர்சாதனப் பெட்டியோ ஏசியோ திருத்த முடியாததென்றால் அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். முற்றத்தில் கிடக்கும் பெட்டியின் கதவை முதலில் கழற்றிவிடுங்கள். பழைய பெட்டிகளின் கதவு உள்ளிருந்து திறக்காது. ஒளித்து விளையாடும் பிள்ளை உள்ளே போய்ப் பூட்டுப்பட்டால் கத்துவதும் வெளியே கேட்காது.

பழைய இரும்பு வாங்க வருபவர் அங்கேயே குழாயை வெட்டி எடுக்கச் சம்மதிக்க வேண்டாம். வெட்டும் கணத்தில் வாயு முழுவதும் பீறிட்டு வரும். ஆர்-600ஏ உள்ள பெட்டியை மின்வாளால் வெட்டினால் தீப்பற்றலாம். கொம்பிரசரைத் தீயில் போட்டு செப்பு எடுப்பது அதைவிட ஆபத்து. உட்புற நுரையையும் எரிக்கக் கூடாது. வாயுவை மீட்டெடுக்கும் கருவி உள்ள திருத்துநரிடம் முதலில் வாயுவை எடுக்கச் சொல்லி, பிறகு விற்கலாம். யாரிடம் அந்தக் கருவி இருக்கிறது என்று தெரியாவிட்டால் சங்கானையிலுள்ள வலிகாமம் மேற்குப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை பெட்டியைக் குழாய் வெட்டுப்படாமல், நிமிர்த்தி, நிழலில் வைத்திருங்கள்.

மின்கட்டணம்

உறவினர் இயந்திரத்தை வாங்கித் தருவார்கள், மாதா மாதம் வரும் மின்கட்டணத்தை நீங்கள்தான் கட்டவேண்டும். வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் கணக்கிடப்படுகிறது. அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் கூடும். இரவில் எட்டு மணி நேரம் பழைய முறை ஏசி ஒன்றை ஓடவிட்டால் மாதம் 200 அலகுக்கு அருகே வந்துவிடலாம். 26 பாகையில் வைத்து, கூடவே சாதாரண மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் உடலுக்கு அதே சுகம் கிடைக்கும், செலவு குறையும். 18இல் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்பது சரியல்ல. இயந்திரம் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும், நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவே. இன்வேட்டர் வகை கொம்பிரசரின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் அதன் மின்பலகை பழுதானால் விலை அதிகம். அழுத்தம் ஏறி இறங்கும் லைனில் அழுத்தப் பாதுகாப்புக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. வாயுவின் பெயர், தகட்டிலுள்ள எடை, பொருத்திய திகதி, காஸ் ஏற்றிய ஒவ்வொரு திகதி, எங்கே ஓட்டை அடைத்தது, யார் செய்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உட்பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். திருத்துநர் கையெழுத்தும் அதில் வாங்குங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடியும் அதே மூட்டில் கசிந்தால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்தத் தாளில் இருக்கும்.